துணிக்குப் பின்னால் மூன்று ஜோடி

இரண்டு விரல்கள் பிளேடைச் சாய்த்துப் பிடித்திருந்தன. எட்டு அங்குல ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் முப்பது வருட ஈரக் காற்றில் நைந்துபோய், தொட்டால் தார்போல ஒட்டியது. அவசரப்பட்டால் காகிதம் கிழியும். கைகள் அவசரப்படவில்லை. ஓர் அங்குலம் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, ஸ்பீக்கரைச் சற்றே திருப்பி, அடுத்த அங்குலத்துக்குப் போயின. முழு வட்டம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. பிறகு நடுவில் இருந்த மூடியை அறுத்து எடுத்து, உள்ளே காந்தத்துக்கும் காயில் என்ற கம்பிச் சுருளுக்கும் இடையில் பழைய எக்ஸ்ரே தாளில் நறுக்கிய நான்கு துண்டுகளைச் செருகின. காயில் ஒரு மயிரிழை சாய்ந்தாலும் உரசும். உரசினால் பாட்டில் கரகரப்பு வரும். புது வளையத்தைப் பசையிட்டு ஒட்டி, சுற்றிலும் துணி கிளிப்புகளை மாட்டிவிட்டு, கைகள் மடியில் வந்து அமர்ந்தன.

கோமளாவுக்கு ஐம்பத்தொன்பது வயது. மலாக்காவின் பத்து பெரண்டாமில், விமான நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் தாமான் குடியிருப்பில் கடைசி வரிசை வீடு. சமையலறையை ஒட்டி இழுத்துக் கட்டிய தகரக் கூரைக்குக் கீழே அவருடைய வேலை மேசை. விமானம் இறங்கும்போதெல்லாம் வேலையை நிறுத்திவிடுவார். பாதி வேலை காதால் செய்வது.

மேசை மேல் இருந்த ஜோடி, பெம்பானில் இருக்கும் சிவசாமியுடையது. சனிக்கிழமைக்குள் அது அவர் வீட்டில் பாடியாக வேண்டும். திங்கட்கிழமை சிவசாமி காதுக்கு மெஷின் வைக்கப் போகிறார். காதைப் பார்க்கச் சொல்லி அனுப்பியதே கோமளாதான். அப்படிச் சொன்னது தவறு என்று தெரிய வந்து ஆறு நாள் ஆகியிருந்தது.

அந்தத் தவறு எங்கே தொடங்கியது என்று சொல்ல, அவர் வேலை கற்ற இடத்திலிருந்து வர வேண்டும்.

பத்தொன்பது வயதில் கோமளா இங்குள்ள தொழிற்பேட்டையில் ஒரு எலெக்ட்ரானிக் ஆலையில் சேர்ந்தார். காயில் சுற்றும் வரிசை. தலைமயிரைவிட மெல்லிய கம்பி, பூதக்கண்ணாடிக்குக் கீழே. இருபத்திரண்டு வருடம் அதே வரிசை. பக்கத்து நாற்காலி சுசீலாவுடையது. சுசீலா இடதுகைக்காரி, கோமளாவின் வலது முழங்கையும் சுசீலாவின் இடது முழங்கையும் ஒரு நாளைக்கு நூறு தடவை இடித்துக்கொள்ளும். முதல் வாரம் சண்டை. இரண்டாம் வாரத்திலிருந்து சாப்பாட்டுப் பெட்டி பொது. ஒருத்தி பிரசவத்துக்குப் போனால் மற்றவள் அவள் பங்கு எண்ணிக்கையையும் சேர்த்துச் சுற்றினாள்.

அந்த வரிசையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு திருகைச் சரியான அளவில் நிறுத்திய பிறகு, திருகின் தலையிலிருந்து அது உட்கார்ந்திருக்கும் தகடு வரைக்கும் நகப்பூச்சால் ஒரு கோடு இழுப்பார்கள். யாராவது திருகைத் திருப்பினால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம். கோமளாவின் நிறம் அடர்ந்த குங்குமச் சிவப்பு. ஒருத்தியின் கோடு முறியாமல் இருந்தால் அந்தப் பொருளை மறுபடி யாரும் அளக்க மாட்டார்கள். அளப்பது, அவளைப் பொய்க்காரி என்று சொல்வதற்குச் சமம்.

ஆலை அந்த வரிசையை வேறு நாட்டுக்கு மாற்றியபோது கோமளாவுக்கு நாற்பத்தொரு வயது. காயில் என்ன செய்யும் என்று தெரியாமலேயே இத்தனை வருடம் சுற்றிவிட்டோமே என்று தோன்றி, கோயிலில் ரோசாக்காகிக் கெட்டுக் கிடந்த ஸ்பீக்கர் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்து பிரித்தார். திரும்பச் சேர்க்கத் தெரியவில்லை. மூன்று ஸ்பீக்கரைக் கெடுத்து நான்காவதில் பாட்டு வந்தது. ஏன் ஒரு ஸ்பீக்கரில் குரல் மெத்தென்று வருகிறது, இன்னொன்றில் தகரத்தில் அடித்த மாதிரி வருகிறது என்ற கேள்வி அன்று பிடித்தது, பிறகு விடவில்லை.

மலாக்கா டவுனில் நைனா முகம்மதுவின் கடை. கீழே விசிறி, சோற்றுப் பானை, கைப்பேசி. மாடியில் ஸ்பீக்கர். பழுதுபார்க்கப் போன கோமளா அங்கேயே மாடியில் வாரம் மூன்று நாள் உட்கார ஆரம்பித்தது பதினான்கு வருடத்துக்கு முன்பு. இரண்டு வருடம் கழித்து, கணவர் இறந்து கையொடிந்து நின்ற சுசீலாவையும் அதே மாடிக்குக் கொண்டுவந்தார். "என் பக்கத்துல உக்காந்தவ பாய். கை சுத்தம்," என்று நைனா முகம்மதுவிடம் சொன்னது கோமளாதான்.

மாடியில் கோமளா ஒரு முறை வைத்திருந்தார். வாங்க வருகிறவர்களை முதலில் ஸ்பீக்கரைப் பார்க்க விடமாட்டார். பார்த்தால் கண் முடிவு செய்துவிடும். மூன்று ஜோடிக்கும் முன்னால் ஒரு பழைய பருத்திப் புடவை தொங்கும். வருகிறவர் தனக்கு மனப்பாடமான பாட்டு ஒன்றைக் கொண்டுவர வேண்டும். "எப்படி இருக்கணும்னு நெனைக்கிறீங்க?" என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே நோட்டில் எழுதுவார். ஒருவர், "மழை பெய்யும்போது வீட்டுக்குள்ள இருக்கற மாதிரி" என்றார். இன்னொருவர், "குளிப்பாட்டித் தொவட்டி விட்ட மாதிரி." கோமளாவுக்கு அந்த வார்த்தைகள் போதும்.

சத்த அளவில்தான் கோமளா கறாராக இருந்தார். ஒரே பாட்டு, ஒரே ஸ்பீக்கர், சத்தம் கொஞ்சம் கூடினால் போதும். அடித்தொனி நிறைந்து, குரல் பக்கத்தில் வந்து, எல்லாம் கதகதப்பாகிவிடும். இரண்டு ஸ்பீக்கரில் சற்றே சத்தமானதைத்தான் எந்தக் காதும் நல்லது என்று சொல்லும். அதனால் ஒவ்வொரு ஜோடியின் கம்பியிலும் சோப்புப் பெட்டி அளவில் ஒரு பெட்டி செய்து மாட்டியிருந்தார். அதில் ஒரு திருகு. புதுச் சரக்கு வந்ததும் மீட்டர் வைத்து அளந்து, மூன்று ஜோடியும் ஒரே அளவில் கேட்கும்படி திருகை நிறுத்தி, குங்குமச் சிவப்பில் கோடு இழுத்துவிடுவார்.

தன் காதையும் அவர் நம்பவில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்ட தேர்வுப் பெட்டியில், எந்த எண்ணில் எந்த ஜோடி என்று தனக்கே தெரியக்கூடாது என்பதால், புடவைக்குப் பின்னால் கம்பி செருகும் வேலை சுசீலாவுடையது. ஒவ்வொருவர் வரும்போதும் சுசீலா மாற்றி மாற்றிச் செருகுவார்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு காட்டுற மாதிரி இருக்குலா உன் கடை," என்பார் சுசீலா, புடவைக்குப் பின்னாலிருந்து. "மாப்பிள்ளைக்கும் தெரியாது, தரகருக்கும் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியும், எது மூக்கி எது நெட்டச்சின்னு."

"வாயை மூடிக்கிட்டு ரெண்டைப் போடுடி."

சிவசாமி போன நவம்பரில் வந்தார். பெம்பானுக்கு அப்பால் செம்பனை எண்ணெய் ஆலையில் முப்பத்தொரு வருடம் கொதிகலன் பக்கத்தில் நின்றவர். வீட்டில் பாட்டு போட்டால் தூங்கிவிடும் உடம்பு. ஓய்வு பெற்றதும் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று தள்ளிவைத்துத் தள்ளிவைத்து அறுபத்தேழு வயதாகியிருந்தது. பழைய ஜோடி ஒன்று வீட்டில் இருந்ததாம், நைந்துவிட்டதாம், ஸ்டோரில் போட்டாயிற்றாம். "பாடறவங்க நாற்காலிய இழுத்துப் போட்டு நம்ம பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கணும் தங்கச்சி," என்றார். கோமளா எழுதிக்கொண்டார்.

புடவைக்கு முன்னால் அரை மணி நேரம். ஒரு பெண் குரலும் வீணையும் மட்டும் உள்ள பாட்டு. சிவசாமி கண்ணை மூடிக் கேட்டுவிட்டுத் தயங்கினார்.

"எனக்கு என்னமோ ஒண்ணாம் நம்பருதான்…"

"ரெண்டு அண்ணே," என்றார் கோமளா. "ரெண்டுல குரல் நெறஞ்சு வருது, கேளுங்க. ஒண்ணு கொஞ்சம் உள்வாங்குது."

சிவசாமி மறுபடி கேட்டார். "நீங்க சொன்னா சரியா இருக்கும். என் காது கொதிகலன் தின்ன காது."

இரண்டாம் எண், அந்தத் தீபாவளிக்கு வந்த ஒல்லியான நெட்டை ஜோடி. ஒன்றாம் எண், மாடியில் கடைசியாக மிச்சம் இருந்த அகலப் பெட்டி. சிவசாமி நெட்டையை ஏற்றிக்கொண்டு பெம்பானுக்குப் போனார்.

ஜனவரியில் தொலைபேசியில் அழைத்தார். குரல் மெலிசாகக் கேட்கிறது, வீணை குத்துகிறது என்றார். கோமளா வழக்கமான கேள்விகளைக் கேட்டார். சுவரிலிருந்து எத்தனை அடி? தரை ஓடா? ஜன்னலுக்குத் திரை உண்டா? நடுக்கூடத்தில் நின்று கைதட்டினால் சத்தம் திரும்பி வருகிறதா? சிவசாமி தரையில் கம்பளம் விரித்தார், திரை மாட்டினார், பெட்டிகளைச் சுவரை ஒட்டி நகர்த்தினார், பிறகு தன் நாற்காலியைப் பார்த்துத் திருப்பினார். மூன்று வாரம் இது நடந்தது. ஒன்றும் மாறவில்லை. கடைசியில் கோமளா அந்த வார்த்தையைச் சொன்னார்:

"தப்பா நெனைக்காதீங்க அண்ணே. அத்தனை வருஷம் ஆலையில நின்னிருக்கீங்க. காதை ஒரு தடவை செக் பண்ணிப் பாருங்களேன்."

சிவசாமி தப்பாக நினைக்கவில்லை. அவர் ஏற்கெனவே பயந்துகொண்டிருந்ததை யாரோ உரக்கச் சொன்ன மாதிரி இருந்தது. போய்ப் பரிசோதித்தார். மேல் சுருதிகள் வயதுக்கு ஏற்றபடி குறைந்திருக்கின்றன, மெஷின் வைத்துப் பார்க்கலாம் என்றார்கள். பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டார். மார்ச்சில் ஒரு நாள் மறுபடி அழைத்து, ஸ்டோரில் கிடக்கும் பழைய ஜோடியைச் செய்து தர முடியுமா என்று கேட்டார்.

"புதுசு நல்லாத்தான் இருக்கும் தங்கச்சி, அதுல ஒண்ணும் இல்ல. என் காதுதான் ரோசாக். பழசுன்னா பழகின சத்தம், கொஞ்சமாச்சும் கேக்குமான்னு பாக்கறேன்."

பழைய ஜோடியை எடுத்துவரப் பெம்பான் போன கோமளா, போன இடத்தில் புதியதையும் போட்டுக் கேட்டார். சிவசாமியின் நாற்காலியில் உட்கார்ந்து, அதே பெண் குரல், அதே வீணை.

மெலிசாகத்தான் இருந்தது. வீணை குத்தத்தான் செய்தது.

தன் காது போய்விட்டதா என்றுதான் கோமளாவுக்கு முதலில் தோன்றியது. வீட்டுக்கு வந்து மீட்டரையும் சுருதி போடும் பெட்டியையும் வைத்து ஒரு பிற்பகல் முழுக்கத் தன்னைத்தானே சோதித்தார். காது இருந்தது. அப்படியானால் நவம்பரில், புடவைக்கு முன்னால், எதைக் கேட்டு "ரெண்டு" என்றார்?

மறுநாள் அவருக்குக் கடையில் வேலை நாள் இல்லை. இருந்தும் காலையிலேயே மீட்டரோடு மாடி ஏறினார். சுசீலா இன்னும் வரவில்லை. புடவையை ஒதுக்கி, ஒவ்வொரு ஜோடியிலும் ஒரே இரைச்சலை ஓடவிட்டு அளந்தார். இரண்டு ஜோடி ஒரே அளவு. நெட்டை மட்டும் மூன்று டெசிபல் கூட.

நெட்டையின் சோப்புப் பெட்டியை வெளிச்சத்தில் பிடித்தார். குங்குமச் சிவப்புக் கோடு முறியாமல் இருந்தது. இருபத்திரண்டு வருடப் பழக்கம், அந்தக் கோட்டைப் பார்த்ததும் கை பெட்டியைக் கீழே வைக்கப் போய்விட்டது. பிறகு நகத்தால் சுரண்டினார். மேல் பூச்சு உரிந்ததும் கீழே இன்னொரு பூச்சு. அது இரண்டாக முறிந்து, திருகோடு கால் சுற்று திரும்பியிருந்தது.

யாரோ திருகைத் திருப்பிவிட்டு, அதே நிறத்தில் அதன் மேலேயே மறுபடி கோடு இழுத்திருக்கிறார்கள். பூச்சுக் குப்பி மாடி இழுப்பறையில்தான் எப்போதும் இருக்கும், யாரும் எடுக்கலாம். ஆனால் கோமளா இழுக்கும் கோட்டின் வால் வலது பக்கம் மெலியும். மேலே இருந்த கோட்டின் வால் இடது பக்கம் மெலிந்திருந்தது. அந்தக் கையைக் கோமளாவின் முழங்கைக்குத் தெரியும்.

சுசீலா பத்து மணிக்கு ரொட்டிச்சானாய் பொட்டலத்தோடு ஏறிவந்தார். "என்னாடி, லீவு நாளுல கடைய ஜாகா பண்ணிக் காவல் காக்க வந்துட்டியா?" என்று சிரித்தவர், புடவை ஒதுங்கியிருப்பதைப் பார்த்தார். மேசை மேல் சோப்புப் பெட்டியையும் பார்த்தார். பொட்டலத்தை மெதுவாக வைத்தார்.

"எத்தனை நாளா?" என்றார் கோமளா.

"தீபாவளி சரக்கு வந்ததிலேருந்து."

"நீயா பண்ணினியா, பாய் சொன்னாரா?"

"பாய் ஒண்ணும் திருகைத் திருப்புன்னு சொல்லல. நெட்டை போகலேன்னா மாடிய மூடிட்டுக் கைப்பேசி உறை வைக்கப் போறேன்னாரு. உன்கிட்டயும்தான் சொன்னாரு, நீ காதுலயே போட்டுக்கல. மூணு டெசிபல்லா கோமு. மூணே மூணு. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்கே தெரியலையே! அதுக்குத்தானே பண்ணினே?"

சுசீலா ரொட்டிப் பொட்டலத்தை மேசை ஓரத்துக்கு நகர்த்தினார்.

"ஊரை ஏமாத்தணும்னா ஊரை ஏமாத்திருக்கலாம். புடவைக்கு முன்னாடி என்னையும் உக்கார வச்சு, என் வாயாலயே ரெண்டு ரெண்டுன்னு சொல்ல வச்சிருக்கே. எத்தனை ஜோடி?"

"பதினொண்ணு."

"பதினொண்ணு."

"நீ நேர்மையா இருந்துட்டுப் போவே," என்றார் சுசீலா, குரல் உயர்ந்து. "கடைய மூடினா உனக்கென்ன, வீட்டுக்குப் பின்னால தகரத்துக்குக் கீழ உக்காந்து ரேடியோ செய்வே. நான் எங்க போவேன்? அறுபது வயசுக்காரிக்கு எவன் வேலை தருவான்? ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் பண்ணினேன்."

"என் கோட்டை இழுத்திருக்கே சுசீ."

"அதான் சொல்றேன்ல…"

"திருகைத் திருப்பினது கூட விடு. என் கோட்டை நீ இழுத்திருக்கே. ஒரு மனுஷன் பாட்டுக் கேக்கறதையே விட்டுட்டாரு. காதுக்கு மெஷின் வைக்கப் போறாரு. நான் சொல்லி."

சுசீலாவுக்கு இது தெரியாது. முகம் மாறியது. ஆனால் அதற்குள் கீழேயிருந்து நைனா முகம்மது ஏறிவந்துவிட்டார். முழுவதையும் கேட்டுவிட்டு, தொப்பியைச் சரிசெய்தபடி, "அளவு ஏதோ முன்னப்பின்ன இருந்தா சரி பண்ணிக்கலாம் கோமளாம்மா. வாங்கினவங்களே கம்னு இருக்காங்க, நீங்க ஏன் பெரிசு பண்றீங்க?" என்றார்.

கோமளா மூன்று சோப்புப் பெட்டிகளையும் தேர்வுப் பெட்டியையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். அவை அவர் செய்தவை. புடவையையும் உருவி மடித்தார். படி இறங்கும்போது சுசீலா, "கோமு, சாப்பிட்டுப் போ," என்றார். நாற்பது வருடமாகச் சொல்லிவந்த அதே தொனி. அதுதான் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்து, பதினொரு பேரில் மற்ற பத்துப் பேரையும் அழைத்தார். நடந்ததைச் சொல்லி, தன் தவறு என்றும் சொன்னார். மூவர் கோபித்தார்கள். ஒருவர் கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டார். புக்கிட் பெருவாங்கில் இருக்கும் திலீப் என்ற பையன், "நல்லாத்தானே இருக்கு ஆண்ட்டி, நான் எப்பவும் ஃபுல் சவுண்டுலதான் வைப்பேன்," என்று அவரைச் சமாதானப்படுத்தினான். சிவசாமியிடம் மட்டும் தொலைபேசியில் சொல்லவில்லை. பழைய ஜோடியை எப்போது கேட்டாலும், உண்மை தெரிந்துவிட்டால் அவர் காது அதன் பக்கம் சாயும். அப்புறம் அவர் காது நல்லதா இல்லையா என்பது யாருக்கும் தெரியாமலே போகும்.

வெள்ளிக்கிழமை கிளிப்புகளைக் கழற்றினார். எக்ஸ்ரே துண்டுகளை உருவி, எட்டு விரலைச் சமமாக வைத்துக் கூம்பை அழுத்தி, காதைக் கிட்டே கொண்டுபோனார். உரசல் இல்லை. சின்ன பேட்டரியைத் தொட்டு இரண்டு கூம்பும் ஒரே திசையில் முன்னால் வருகின்றனவா என்று பார்த்தார். நடு மூடியை ஒட்டினார். பெட்டிக்கு முன்னால் மாட்டும் சட்டங்களில் துணி மக்கியிருந்தது; அதை உரித்து, கறுப்பு மெல்லிய துணியை இழுத்து ஆணி அடித்தார். விமானம் ஒன்று போனது. காத்திருந்துவிட்டு, இன்னொரு தடவை அழுத்திக் கேட்டார்.

சனிக்கிழமை பெம்பானில், சிவசாமி வீட்டுக் கூடத்தில் புடவை தொங்கியது. பின்னால் நெட்டை ஒரு ஜோடி, பழைய பெட்டி ஒரு ஜோடி. கோமளா சிவசாமியின் நாற்காலியில், அவர் காது இருக்கும் உயரத்தில் மீட்டரை வைத்து, இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்தார். மூன்று தடவை அளந்தார். இந்தத் தடவை கோடு எதுவும் இழுக்கவில்லை.

கம்பி செருக ஆள் வேண்டியிருந்தது. சிவசாமியின் மருமகள் ஷாந்தினி வந்தார். கோமளா காகிதத்தில் எழுதிக் கொடுத்தார்: ஐந்து சுற்று, ஒவ்வொரு சுற்றுக்கும் காசைச் சுண்டிப்போட்டு, விழுகிறபடி பழைய ஜோடியை ஒன்றிலோ இரண்டிலோ செருக வேண்டும். முதல் சுற்றுக்கு ஷாந்தினி செருகிவிட்டு வெளியே வந்ததும், கோமளா புடவைக்குப் பின்னால் போய்க் கம்பிகளைக் குனிந்து பார்த்தார்.

"என்னா ஆண்ட்டி, என்னை நம்பலையா?"

"உன்னை இல்லம்மா," என்றார் கோமளா.

எது எது என்று தெரிந்துவிட்டதால் அவர் கூடத்தில் உட்கார முடியாது. முகம் காட்டிக்கொடுக்கும். சமையலறைக்குப் போய், குழாய் பக்கம் திரும்பி நின்றார். கூடத்தில் பெண் குரல் எழுந்தது, சிவசாமி எண்ணை மாற்றி மாற்றிக் கேட்டார். ஒன்று. பிறகு இரண்டு. பிறகு ஒன்று.

"ஒண்ணு," என்றார் சிவசாமி.

அடுத்த சுற்று. கோமளா போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"இதுவும் ஒண்ணு." மூன்றாவது சுற்றில், "இப்போ ரெண்டு. என்னா இது, ஜேபிஜே டெஸ்ட் மாதிரி இருக்கு? மோட்டார் சைக்கிள் லைசன்ஸ் தரப் போறீங்களா?"

ஷாந்தினி சிரித்தார். சமையலறையில் கோமளா சிரிக்கவில்லை. நான்காவது, "ரெண்டு." ஐந்தாவது சுற்றில் சிவசாமி பாட்டை முடியும்வரை கேட்டார். வீணை நின்றது. "ஒண்ணு," என்றார். "பக்கத்துல உக்காந்திருக்காங்க."

கோமளா கூடத்துக்கு வந்து புடவையை ஒதுக்கினார். ஐந்து தடவையும் சிவசாமி சொன்ன எண்ணில் இருந்தது அவருடைய சொந்தப் பழைய ஜோடிதான்.

"உங்க காது இருபது வயசுக் காது இல்ல அண்ணே," என்றார். "மேல் சுருதி கொஞ்சம் போயிருக்கலாம். ஆனா எது நல்லாருக்குன்னு அதுக்குத் தெரியுது. நவம்பர்லயும் தெரிஞ்சுது. ஒண்ணுன்னு நீங்கதான் முதல்ல சொன்னீங்க. நான்தான் மாத்தினேன்." பிறகு திருகையும் கோட்டையும் பற்றிச் சொன்னார். சுசீலாவின் பெயரைச் சொல்லவில்லை. "என் பக்கத்துல உக்காந்தவங்க" என்றார்.

சிவசாமி கம்பளத்தின் மடிந்த ஓரத்தைக் காலால் நீவிவிட்டார்.

"ரெண்டு மாசமா இந்த வீட்டுல பாட்டு இல்ல," என்றார். "என் மகன்கிட்ட, நான் செவிடாயிட்டேன்னு சொல்லி அழுதிருக்கேன் தங்கச்சி. அவங்க பண்ணினதுக்கு நான் ஒண்ணும் சொல்லல, அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது. நீங்க சொன்னீங்கன்னு நம்பினேன்."

"ஆமா அண்ணே."

"செக் பண்ணாம சொல்லிட்டீங்க."

"ஆமா."

ஷாந்தினி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். யாரும் எடுக்கவில்லை.

"மெஷினைப் பத்தி திங்கக்கிழமை டாக்டர்கிட்ட பேசுங்க. பேசி நீங்களா முடிவு பண்ணுங்க, என் பேச்சை வச்சு வேணாம்," என்றார் கோமளா. "நெட்டைய நானே ஏத்திட்டுப் போய்க் கடையில வைக்கிறேன். எடுத்துக்க மாட்டேன்னாலும் வச்சுட்டு வருவேன்."

சிவசாமி எழுந்து பழைய பெட்டிகளின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தார். புது நுரை வளையத்தை விரல் நுனியால் தொடப் போய், தொடாமல் நிறுத்தினார்.

"தொடலாம் அண்ணே. காஞ்சிருச்சு."

தொட்டுப் பார்த்தார். ஒரு சுற்று முழுவதும் விரலை ஓட்டினார். கோமளா பையிலிருந்து கறுப்புத் துணி இழுத்த இரண்டு சட்டங்களையும் எடுத்து நீட்டினார். சிவசாமி அவர் முகத்தைப் பார்க்காமல், இரண்டு கையாலும் அவற்றை வாங்கிக்கொண்டார்.